நீலப் பெட்டியா, சிவப்புப் பெட்டியா?

கோபாலபுரத்தில் ஆட்டோ பிடித்து சென்ட்ரல் போகிறவர்கள் பெர்த் நம்பரைப் பார்ப்பார்கள். பெட்டியைச் செய்தது யார் என்று பார்ப்பார்களா? பார்க்கணும் மக்களே!

நீலப் பெட்டி நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப். டிசைன். 1955-ல் நேரு திறந்து வைத்த ஆலை. சுவிட்சர்லாந்து ஷ்லீரன் கம்பெனி கற்றுக்கொடுத்த தொழில். சிவப்புப் பெட்டி ஜெர்மனியின் லிங்கே ஹாஃப்மன் புஷ் டிசைன், சுருக்கமாக எல்.எச்.பி. அதை இங்கே முதலில் கட்டியது பஞ்சாபின் கபூர்தலா ஆலை. இரண்டு ஆலையும் ரயில்வேயுடையதுதான், ஆனாலும் போட்டிதான்!

சரி, மேட்டருக்கு வருவோம். ஸ்லீப்பரில் நீலத்துக்கு 72 பெர்த், சிவப்புக்கு 80. பெட்டிக்கு 8 டிக்கெட் கூடுதல், பி.காம். கணக்கு இதோடு முடிந்தது. உயிர்க்கணக்கு வேறு. விபத்தில் நீலப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். எல்.எச்.பி.யின் இணைப்பு அப்படி ஏறாமல் பிடித்துக்கொள்ளும்படி செய்தது. 2018-ல் பெரம்பூரே பழைய டிசைனை நிறுத்திவிட்டு எல்.எச்.பி.க்கு மாறியது.

அப்போ சிவப்பு ஜெயித்ததா? 2023 ஜூன் 2, பாலசோர். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸும் எல்.எச்.பி.தான். சிக்னல் கோளாறால் தப்பான தடத்தில் போய் நின்றிருந்த கூட்ஸ் வண்டியில் மோதியது. இறந்தவர்கள் 290-க்கும் மேல்.

நல்ல பெட்டி அடியைக் குறைக்கும். அடியே விழாமல் பார்த்துக்கொள்வது சிக்னலின் வேலை.