கெடிலத்தின் தென்கரை

தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்த எனக்குச் சோழர்கள் சொந்தக்காரர்கள் மாதிரி. அதனாலேயே கோப்பெருஞ்சிங்கன் என்ற பெயர் சின்ன வயதிலிருந்து பிடிக்காது. சோழனுக்கு அடங்கியிருந்த காடவர் குலத்துச் சிற்றரசன், 1231 வாக்கில் மூன்றாம் இராசராசனையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். தாங்கள் பல்லவர் வழி வந்தவர்கள் என்று காடவர்கள் சொல்லிக்கொண்டது எனக்கு வெறும் பகட்டாகத்தான் பட்டது.

கடலூரில் இறங்கியதும் திருவந்திபுரம் போனேன். அந்தச் சிறையின் கதையைச் சொல்லும் கல்வெட்டு அந்தக் கோயிலில்தான் கிடைத்தது. சோழன் சிறைப்பட்டான் என்று கேட்டதும் போசள மன்னன் வீரநரசிம்மன், சோழ நாட்டை மீட்காமல் காளம் ஊதுவதில்லை என்று சபதம் செய்கிறான். அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற தண்டநாயகர் இருவரை அனுப்பி மீட்கிறான். இத்தனையும் சிறைப்பட்ட இராசராசனின் ஆட்சியாண்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது! தன் அவமானத்தைத் தன் பெயரிலேயே கல்லில் வெட்டவிட்ட அரசன் எவ்வளவு தளர்ந்திருப்பான் என்று நினைத்தபோது நெஞ்சு கனத்தது.

அந்தக் கனத்தோடுதான் குடிகாட்டுக்குப் போனேன். நண்பர் வீட்டில் மதியச் சாப்பாடு. காற்றில் ரசாயன ஆலைகளின் நெடி. இலையில் கத்தரிக்காய் போட்ட இறால் குழம்பு. இரண்டாவது முறை சோறு வாங்கும்போது வாய் சும்மா இருக்காமல் கோப்பெருஞ்சிங்கனைத் துரோகி என்றேன். எதிரே உட்கார்ந்திருந்த நண்பரின் மாமனார் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“யாரைத் துரோகிங்கறீங்க தம்பி? அவர் எங்க பக்கத்து ஆளு.”

“கோயில்களை இடிச்சவர்னு கல்வெட்டே சொல்லுது ஐயா.”

“எழுதினது யாரு? வந்து ஜெயிச்சவன்தானே. அவன் படை வர்ற வழியில என்ன பண்ணிச்சுன்னு அதுல எழுதலையா?”

எழுதியிருந்தது. கெடிலத்தின் தென்கரையிலும் சேந்தமங்கலத்துக்குக் கிழக்கேயும் எரித்து அழித்து, பெண்களைப் பிடித்து, கொள்ளையடித்ததை அந்தத் தண்டநாயகர்களின் வெற்றியாகவே கல் சொல்கிறது. எத்தனையோ முறை படித்த வரிதான். ஆனால் கெடிலத்துக்குத் தெற்கே, இந்தக் குடிகாட்டு மண்ணில் உட்கார்ந்து, இந்த வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. பெரியவர் வெற்றிச் சிரிப்பு எதுவும் சிரிக்கவில்லை. “தம்பிக்கு இன்னும் கொஞ்சம் இறால் போடும்மா” என்றார்.

இராசராசன் சிறைப்பட்ட அதே காலத்தில், 1231இல், ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் அரசன் ஹென்ரி அங்கிருந்த சிற்றரசர்களுக்கு அவரவர் நாட்டின் மேல் உரிமைகளை எழுதிக்கொடுத்தான். மறு ஆண்டு அவன் தந்தை, பேரரசர் இரண்டாம் பிரெடெரிக், அதை உறுதி செய்தார். பேரரசு தளரும் இடத்தில் நாட்டுப் பிரபுக்கள் எழுவது எங்கும் நடந்ததுதான். அங்கே அது ஓலையில் முடிந்தது. இங்கே சோழன் தோற்ற தெள்ளாற்றுப் போரிலும் சேந்தமங்கலச் சிறையிலும் போய் முடிந்தது. எழுதிக்கொடுக்கச் சோழனுக்கு மனமிருந்திருந்தால் இந்தத் தென்கரை எரிந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சிதம்பரத்துக்கு மறுநாள் போனேன். தெற்குக் கோபுரத்துக்குச் ‘சொக்கச்சீயன்’ என்று பெயர். கோப்பெருஞ்சிங்கனின் பட்டப்பெயர் அது. தொலைவில் தொண்டை மண்டலத்து ஆத்தூர் நிலங்களின் வருவாயை இந்த ஏழுநிலைக் கோபுரத்துக்குத் திருப்பிவிட்டவன் அவன். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, இதைக் கட்டியவனும் கோயில்களை இடித்ததாக எழுதப்பட்டவனும் கோப்பெருஞ்சிங்கன் என்ற ஒரே பெயரில் நிற்பதை மனம் சட்டென்று ஏற்கவில்லை. அந்தத் தண்டநாயகர்களும் சேந்தமங்கலத்துக்குப் போகும் வழியில் பொன்னம்பலத்தில் கும்பிட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். தென்கரையை எரித்தது அதற்குப் பிறகு.

சிறைப்பட்ட இராசராசனுக்காக இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. கோப்பெருஞ்சிங்கனைத் துரோகி என்று சொல்ல மட்டும் இனி வாய் வராது.