உழைக்கச் சென்ற நாடும் கற்கச் செல்லும் நாடும்

கிழக்கிலங்கையின் கரையோரக் கிராமமொன்றிலே நாம் தமிழ் கற்பித்து வருகின்றோம். உயர்தரப் பரீட்சையில் நன்கு சித்தியெய்திய மாணவி ஒருத்தி, பெறுபேறு வெளியான மறுநாள் எம்மிடம் வந்து, "சேர், அரபு நாட்டில படிக்கிறதுக்கு என்ன வழி?" என்று கேட்டாள். நாம் விடையின்றி நின்றோம். அரபு நாட்டுக்குப் போகும் வழியை அக்கிராமத்திலே அறியாதார் எவருமிலர். முகவர் யார், மருத்துவச் சோதனை எங்கே, விமானச் சீட்டுக்குப் பணம் கொடுப்பவர் யார் என்பன சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனால், அவையெல்லாம் உழைக்கச் செல்லும் வழி. கற்கச் செல்லும் வழியொன்றும் உண்டென்பதைப் பட்டதாரியாகிய நாமே அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

அவளுடைய தாய் பதினொரு ஆண்டுகள் குவைத்திலே பணிப்பெண்ணாக இருந்தவர். 1966இல் நிறுவப்பட்ட குவைத் பல்கலைக்கழகத்துக்கு அவ்வீட்டு மகள் நாள்தோறும் சென்று வருவாளாம். அவள் உடுத்துச் சென்ற ஆடைகளைத் துவைத்து மடித்துக் கொடுத்தவர் இந்தத் தாய். அப்பல்கலைக்கழகத்தின் வாயிலைக்கூட அவர் கண்டதில்லை. எம் சிற்றன்னையின் மகனோ இஸ்ரேலிலே முதியவர் ஒருவரைப் பராமரிக்கும் தொழில் செய்கின்றான். அரபியும் எபிரேயமும் ஒரே குடும்பத்து மொழிகள். வீட்டை அரபியில் 'பைத்' என்பர். எபிரேயத்தில் 'பயித்' என்பர். இவ்விருவருக்கும் அச்சொல் நன்கு தெரியும். வீட்டைத் துடைக்கவும், வீட்டுக்காரரைத் தூக்கிக் கிடத்தவும் வேண்டிய அளவுக்கு நம்மவர் அம்மொழிகளைக் கற்றிருக்கின்றனர். அதற்கப்பாலும் அம்மொழிகளுக்கு ஒரு வாழ்வுண்டு என்பது நம் நெஞ்சில் உறைக்கவில்லை.

இந்நிலை என்றும் இருந்ததன்று. எகிப்திலே ஆங்கிலேயரை எதிர்த்துத் தோல்வியுற்ற ஒறாபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். அவர் தந்த ஊக்கமும் சித்திலெப்பையின் உழைப்பும் சேர்ந்தே 1892இல் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரிக்கு வித்திட்டன. ஈழத்தின் முதல் தமிழ் நாவலெனக் கொள்ளப்படும் அசன்பேயுடைய கதையைச் சித்திலெப்பை எழுதியது 1885இல். அதன் நாயகன் எகிப்து நாட்டவன். கல்வியையும் கதையையும் அத்திசையிலிருந்து பெற்றவர் நம் முன்னோர். நாமோ அத்திசையிலிருந்து மாதந்தோறும் வரும் காசை மட்டுமே எதிர்பார்த்திருக்கின்றோம்.

மாணவிக்காக நாம் தேடியறிந்தவை சில. கெய்ரோவின் அல் அஸ்ஹர், 970இல் கட்டத் தொடங்கிய பள்ளிவாசலைச் சூழ்ந்து வளர்ந்த கல்விக்கூடம். 1961ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே சமயக் கல்வியோடு மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளுக்கும் பெண்கள் கல்விக்கும் இடந்தந்தது. பிறநாட்டு மாணாக்கருக்கு அங்கே புலமைப்பரிசிலும் உண்டு. அம்மானில் 1962இல் எழுந்த ஜோர்தான் பல்கலைக்கழகம் பிறநாட்டாருக்கு அரபு கற்பிக்கின்றது. எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்திலே உயர்பட்டப் படிப்புகள் சில ஆங்கிலத்திலும் உள. முதற்பட்டத்துக்குப் பெரும்பாலும் எபிரேயமே வேண்டும். ஆகவே, எங்கே சென்றாலும் முதற்கதவு மொழிதான்.

அம்மக்கள் தம் மொழியைக் கல்விக்கதவாக வைத்த வரலாறு நமக்கும் பாடமாகும். பெய்ரூத்தில் அமெரிக்க மிஷனரிமார் 1866இல் தொடங்கிய கல்லூரி, முதலில் மருத்துவத்தை அரபியிலே போதித்துப் பின்னர் ஆங்கிலத்துக்கு மாறியது. அதே காலத்தில் மானிப்பாயிலே கிறீன் வைத்தியர் தமிழில் மருத்துவம் போதித்தார். அம்முயற்சி அவருக்குப்பின் நிலைக்கவில்லை. ஆனால், டமஸ்கஸ் பல்கலைக்கழகத்திலே 1919 தொடக்கம் இன்றுவரை மருத்துவம் அரபியிலேயே போதிக்கப்படுகின்றது. ஹைபாவின் தொழில்நுட்பக் கல்லூரியில் போதனாமொழி ஜேர்மனா எபிரேயமா என்று 1913இல் பெரும் போராட்டம் எழுந்தது. முடிவில் எபிரேயம் வென்றது. தமிழிலே விஞ்ஞானம் படித்துவிட்டுப் பல்கலைக்கழக வாயிலில் திகைத்து நிற்கும் நம் பிள்ளைகள் இவற்றை நேரிற் காண வேண்டாமா?

எனினும், எது திறந்திருக்கின்றது என்று கேட்போர், எது மூடப்பட்டது என்றும் கேட்டல் வேண்டும். மேற்குக்கரையின் பீர்ஸைத் பல்கலைக்கழகத்தை இஸ்ரேலிய இராணுவம் 1988 தொடக்கம் 1992 வரை மூடிவைத்தது. அப்பொழுது ஆசிரியர்கள் வீடுகளிலே மறைவாகப் பாடம் நடத்தினர். பைத் என்ற சொல்லுக்குப் பல்கலைக்கழகம் என்ற பொருளும் அன்று உண்டாயிற்று. 2023இல் மூண்ட போரிலே காஸாவின் பல்கலைக்கழகங்கள் இடிந்து தகர்ந்தன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை மறவாத நமக்கு இது பிறர் துயரமன்று. எபிரேயப் பல்கலைக்கழகத்திலேதான் தமிழறிஞர் டேவிட் ஷுல்மன் நெடுங்காலம் கற்பித்தார். தமிழின் வாழ்க்கை வரலாற்றை 2016இல் ஆங்கிலத்தில் நூலாக்கியவரும் அவரே. பாலஸ்தீனக் கிராமத்தாருக்குத் துணையாக நிற்பவரும் அவரே. கற்கும் இடத்திலே கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டு நாம் மாணவியின் வீட்டுக்குச் சென்றோம். தாய் பொறுமையாகக் கேட்டார். பின்பு, "கதவப் பூட்டினா வெளிய வர ஏலா சேர். நான் பட்டது போதும்" என்றார். கடவுச்சீட்டை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு ஈராண்டு தெருவைக் காணாதிருந்தவர் அவர். எம்முடைய ஆண்டுக் கணக்குகள் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னே வாயடைத்துப் போயின. மாணவியின் கடவுச்சீட்டு மாணவியிடமே இருக்கும் என்று மட்டும் சொன்னோம். அது போதுமான விடையன்று என்பது எமக்கே தெரிந்தது.

மேசைமீது கெய்ரோவுக்கான விண்ணப்பப் படிவம் கிடந்தது. முழுவதும் அரபு. மாணவி பாடசாலையிற் கற்ற அரபைக் கொண்டு சில வரிகளைக் கடந்து, ஒரு சொல்லிலே தடுக்கி நின்றாள். நாமோ எழுத்தே அறியாதவர். தாய் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தார். எழுத்தைச் சிறுவயதில் ஓதற்பள்ளியிலும், சொல்லைக் குவைத்தின் சமையலறையிலும் கற்றவர். எழுத்தெழுத்தாகக் கூட்டி, "உன்வான்" என்று வாசித்தார். "விலாசம் கேக்காங்க மகள். நான் காயிதம் போடக்குள்ள நெடுக எழுதின சொல்லு."

அடுத்த வரிக்கும் அவரே விரலை நகர்த்தினார். படிவம் முடியும்வரை நாமிருவரும் மாணாக்கராயிருந்தோம். இறுதியில் அவர் எம்மைப் பார்த்து, "பொம்புளப் புள்ளயளுக்கு விடுதி இருக்கா சேர்?" என்று கேட்டார்.