தலைவாஸும் எங்க ஊர்க் கொக்கும்

ரெண்டு மாசமா எதுவும் எழுதல. நாத்து விட்டது, நடவு, அப்புறம் மழைன்னு நாள் ஓடிருச்சு. இப்ப சம்பா வேர் புடிச்சு பச்சை கட்டி நிக்குது. மேலுரம் போட யூரியா மூட்டை வாங்கி வெச்சிருக்கேன், மழை விடணும். அந்த இடைவெளியில இதை எழுதுறேன்.

2025 புரோ கபடி பைனல் முடிஞ்சுது. அக்டோபர் 31, டெல்லியில. தபாங் டெல்லி 31, புனேரி பல்தான் 28. எங்க ஊர் டீக்கடையில நாலு பேர்தான் உக்காந்து பாத்தோம். ஆகஸ்ட் மாசம் இதே கடையில உக்கார இடம் கிடையாது. நம்ம தமிழ் தலைவாஸ் எட்டு டீமுக்குள்ளயே வரலன்னதும் கூட்டம் கலைஞ்சு போச்சு.

நகரத்துல இருக்கிறவங்களுக்கு கிரிக்கெட் மாதிரி எங்க பக்கத்துக்குக் கபடி. பொங்கல் சமயத்துல கடலூர்லேர்ந்து சிதம்பரம் வர்ற ரோட்டுல வந்தீங்கன்னா, ஏதாவது ஒரு ஊர்ல திடல்ல போக்கஸ் லைட்டு எரியும். மைக்ல ஒருத்தர் தொண்டை கட்ட கத்திக்கிட்டு இருப்பாரு. மண்ணு கொட்டி, கல்லு பொறுக்கி, தண்ணி தெளிச்சு, காலால மிதிச்சு களம் பண்ணியிருப்பாங்க. டிவியில வர்ற மெத்தை எல்லாம் கிடையாது. முட்டி தேயாம வீட்டுக்குப் போனவன் ஆடலன்னு அர்த்தம்.

அதனால 2017ல தமிழ்நாட்டுக்குன்னு ஒரு டீம் வந்தப்ப எங்களுக்கு அப்பிடி ஒரு சந்தோஷம். டெண்டுல்கர் பங்குதாரர், கமல் தூதுவர், அஜய் தாக்கூர் கேப்டன், நம்ம பாஸ்கரன் கோச்சு. வந்த வேகத்துல கடைசி இடம். அடுத்த வருசமும் அடியில, அதுக்கடுத்த வருசமும் அடியில. 2022ல தான் தலை நிமிந்தாங்க. அந்த வருசம் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு ஏலம் எடுத்தாங்க. மொத மேட்ச்லயே முட்டியில அடி, சீசன் முழுக்க இல்ல. எல்லாரும் தலையில கைய வெச்சோம். ஆனா நரேந்தர்னு ஒரு சின்னப் பையன் டீமைத் தூக்கிட்டுப் போனான். உ.பி. யோதாஸோட 36க்கு 36 சமமாகி, டை பிரேக்கர்ல 6-4ன்னு ஜெயிச்சு அரையிறுதி போனோம். அங்க புனேயோட ரெண்டே புள்ளியில தோத்தோம். அன்னிக்கு ராத்திரி எங்க தெருவுல பாதிப் பேரு சாப்புடல.

2025ல அதே பவன் திரும்ப வந்தாரு, கேப்டனா. கூடவே அர்ஜுன் தேஷ்வால், 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல போட்டு எடுத்தது. ரெண்டு பெரிய ரெய்டர் ஒரே டீம்ல. ஆகஸ்ட் 29 விசாகப்பட்டினத்துல மொத மேட்ச், தெலுங்கு டைட்டன்ஸை 38-35ன்னு அடிச்சோம். மறுநாள் காலையில கடைக்காரர் டீக்குக் காசு வாங்கல.

என் தம்பி மகன் சிதம்பரத்துல காலேஜ் படிக்கிறான். நோட்டுல கணக்கு எழுதி வெச்சிருப்பான். "பெரியப்பா, மொத்தம் 18 மேட்ச். ஜெயிச்சா 2 புள்ளி, தோத்தா முட்டை. முன்ன மாதிரி ஏழு புள்ளிக்குள்ள தோத்தா ஒண்ணு தர்ற ஆறுதல் எல்லாம் இப்ப இல்ல. 12 டீம்ல எட்டுக்குள்ள வந்துட்டா போதும்"பான். இதுல வரவே முடியலன்னா என்னடான்னு நானும் நெனச்சேன்.

கடையில எப்பவும் நடக்கிற இன்னொரு சண்டையும் நடந்துச்சு. "பேருதான் தமிழ், ஆளுங்க எல்லாம் வடக்க"ன்னு ஒருத்தர் ஆரம்பிப்பாரு. "தஞ்சாவூர்ப் பக்கத்து சேரலாதன்தான் 2016ல பாட்னாவுக்குக் கேப்டனா இருந்து கோப்பை வாங்கிக் குடுத்தாரு, அங்க யாராவது இவரு பீகாரான்னு கேட்டானா"ன்னு இன்னொருத்தர் மடக்குவாரு. ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நம்ம பசங்களுக்கு ஆட்டம் இல்லாம இல்ல. 2025 அக்டோபர்ல பஹ்ரைன் ஆசிய இளையோர் போட்டியில கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் தங்கம் வாங்கிட்டு வந்தாங்களே.

செப்டம்பர் நடுவுல அந்தச் செய்தி வந்துச்சு. ஒழுங்கு காரணத்துக்காக பவனை வீட்டுக்கு அனுப்பியாச்சு, மிச்ச சீசன் ஆட மாட்டார்னு டீமே அறிவிச்சுது. என்ன ஒழுங்கு, என்ன தப்பு, ஒரு வரி கிடையாது. ஹாங்சோவுல இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் குடுத்த கேப்டன் அவரு.

அன்னிக்குச் சாயங்காலம் கடை கோர்ட்டு ஆயிருச்சு. ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. அதை எல்லாம் இங்க எழுத மாட்டேன், ஒண்ணுக்கும் ஆதாரம் இல்ல. அரை மணி நேரத்துல தீர்ப்பும் சொல்லிட்டாங்க. "எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் டீமுக்கு அடங்கணும், தூக்குனது சரிதான்"னான் தம்பி மகன். நானும் "ஆமாம்பா, ஒழுங்கு இல்லாதவன் எதுக்கு"ன்னு சொன்னேன். வாய் தானா சொல்லிருச்சு.

அப்பதான் பெஞ்சுக் கோடியில உக்காந்திருந்த கொக்கு கேட்டான். "அந்த ஆளு என்ன சொல்றாராம்?"

யாரும் பதில் சொல்லல. யாருக்கும் தெரியல, தேடவும் இல்ல. அப்புறம்தான் தம்பி மகன் போனைத் தடவி, பவன் ஒரு வீடியோ போட்டிருக்காரு, குற்றச்சாட்டுல ஒரு சதவீதம் உண்மைன்னு நிரூபிச்சாலும் கபடியையே விட்டுடுறேன்னு சொல்றாருன்னான். கொக்கு "ம்"னுட்டு டம்ளரை வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். எனக்கு அதுக்கு மேல டீ இறங்கல.

கொக்குங்கிறது அவன் உண்மையான பேரு இல்ல. கால் நீளம், அதனால ஆட்டக்களத்துல வெச்ச பேரு. என்னைவிட நாலு வயசு சின்னவன். எங்க ஊர் டீமோட ரெய்டர். இந்தப் பக்கத்துல அவனை மாதிரி காலை நீட்டித் தொடுறவனை நான் பாத்ததில்ல. நான் லெப்ட் கார்னர், கேப்டனும் நான்தான்.

1998 பொங்கல். எங்க ஊர்லயே போட்டி. பரிசு 5001 ரூபாயும் சுழல்கோப்பையும். பைனல்ல ஆத்துக்கு அந்தாண்ட ஊரோட ஆடணும். அவங்களோட எங்களுக்கு ஏற்கெனவே தகராறு உண்டு. அந்த நேரத்துல கொக்கு மூணு நாளா பயிற்சிக்கு வரல. யார்கிட்டயும் சொல்லல. அரையிறுதிக்கு ஆட்டம் ஆரம்பிச்ச பிறகு ஓடி வந்தான், கண்ணு ரெண்டும் செவந்து. ஆடினான், ஜெயிச்சோம். ஆனா அன்னிக்கே பேச்சு கிளம்பிருச்சு. அவங்க வீட்டுல அம்மாவுக்குப் புதுப் புடவை, தங்கச்சிக்குப் பாவாடை சட்டை, அரிசி மூட்டை எல்லாம் வந்து இறங்கியிருக்கு, எங்கேர்ந்து வந்துச்சு? ஆத்துக்கு அந்தாண்ட ஊர்க்காரன் காசு குடுத்துட்டான், பைனல்ல விட்டுக்குடுக்கப் போறான்னு.

ராத்திரி மதகு மேல உக்காந்து பேசினோம். பத்து பேரு. அவனைக் கூப்புடல. கைதூக்கச் சொன்னேன், பத்து கையும் மேல. மொதக் கை என்னுது. காலையில ஒரு பையனை விட்டு, "நீ ஆட வேணாம், ஒழுங்கா இல்லாதவன் டீமுக்கு வேணாம்"னு சொல்லி அனுப்பிட்டோம். நானே போய்ச் சொல்லியிருக்கலாம். போகல.

பைனல்ல நாலு புள்ளியில தோத்தோம்.

ஒன்றரை வருசம் கழிச்சு, எங்க பக்கம் கரும்பு எடுக்கிற ஒரு லாரி டிரைவர்கிட்டப் பேசிக்கிட்டு இருந்தப்ப தெரிஞ்சுது. எங்க மாவட்டத்துல பொங்கலுக்குப் பன்னீர் கரும்பு போடுறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், நீங்க பொங்கலுக்கு வாங்குற கட்டுல பாதி இங்கேர்ந்து வந்ததா இருக்கலாம். அந்த மூணு நாளும் கொக்கு கரும்பு லாரியில லோடு ஏத்தி, கோயம்பேட்டுல இறக்கி, திரும்ப வந்து ஏத்தியிருக்கான். ராத்திரித் தூக்கம் லாரி மேல. அதுல வந்த கூலிதான் புடவையும் அரிசியும். அரையிறுதி அன்னிக்கு நேரா லாரியிலேர்ந்து இறங்கி ஓடி வந்திருக்கான். "என்னய்யா உங்க ஊர்ப் பையன், கட்டு மேல உக்காந்து மேட்சு மேட்சுன்னு பொலம்பிக்கிட்டே வந்தான்"னு டிரைவர் சிரிச்சாரு.

ஏன் சொல்லிட்டுப் போகலன்னு நீங்க கேக்கலாம். நானும் எனக்கு நானே அப்பிடித்தான் சமாதானம் சொல்லிக்கிட்டேன். சொல்லாமப் போனது தப்புதானே, கேப்டன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்ல. ஆனா உண்மை வேற. எங்க டீம்ல நிலம் வெச்சிருக்கிற வீட்டுப் பசங்களும் லேட்டா வருவாங்க, பயிற்சிக்கு மட்டம் போடுவாங்க. "என்னடா ஆச்சு"ன்னு கேப்போம், திட்டுவோம், சேத்துக்குவோம். கொக்கு கூலி வேலைக்குப் போற வீட்டுப் பையன். அவங்க வீட்டுல புதுப் புடவை வந்தா அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஊரே கேட்டுச்சு, அவனை மட்டும் யாரும் கேக்கல. என் வீட்டுக்கு அரிசி மூட்டை வந்திருந்தா யாராவது மதகு மேல உக்காந்து கைதூக்கியிருப்பாங்களா?

அதுக்கப்புறம் அவன் களத்துல எறங்கல. இருபத்தேழு வருசம். என் வயலுக்கே வரப்பு வெட்ட வருவான், நாத்துக்கட்டு தூக்குவான், அண்ணேன்னுதான் கூப்புடுவான். எல்லாம் பேசுவோம், கபடி மட்டும் பேச மாட்டோம். எனக்கு விஷயம் தெரியும்னு அவனுக்குத் தெரியுமான்னுகூட எனக்குத் தெரியாது.

ஒண்ணு சொல்லிடுறேன். தலைவாஸ் பண்ணது தப்புன்னு நான் சொல்ல வரல. உள்ள என்ன நடந்துச்சோ அது அந்த டீமுக்கும் பவனுக்கும்தான் தெரியும். ஒரு டீம் நடத்துறவனுக்கு ஒழுங்கு வேணும், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஒருத்தனுக்கு விட்டுக்குடுத்தா மத்த ஆறு பேரும் கோட்டை மிதிப்பான். ஆனா காரணத்தைச் சொல்லாம ஒழுங்குன்னு மட்டும் சொல்லிட்டா, மிச்சத்தை ஊரே எழுதிக்கும். பவனுக்காவது வீடியோ இருக்கு, அவரு பேசினா நாலு பேர் கேப்பாங்க. கொக்குக்கு என்ன இருந்துச்சு?

அக்டோபர்ல நடவு அன்னிக்கு மத்தியானம், வரப்புல உக்காந்து சாப்புட்டுக்கிட்டு இருந்தோம், நானும் அவனும் மட்டும். சோத்துல கைய வெச்சுக்கிட்டே ஆரம்பிச்சேன். "அந்தப் பொங்கலுக்கு நீ கோயம்பேடு போயிருந்தது எனக்குத் தெரியும்டா. ரொம்ப நாளாவே தெரியும். நான் உன்னைக் கேக்காம விட்டுட்டேன், அது என் தப்பு."

அவன் என்னை நிமிந்து பாக்கல. மோர் மிளகாயைக் கடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம் சொன்னான்.

"அந்த பைனல்ல கடைசியில அவங்க குள்ளமா ஒருத்தன் ரெய்டு வந்தான்ல. காலு உங்க கைக்குள்ளதான் இருந்துச்சு அண்ணே. நீங்க கணுக்காலைப் புடிக்காம ஆடுசதையைப் புடிச்சீங்க. வழுக்கிருச்சு. அங்கதான் போச்சு."

சரியாச் சொன்னான். அந்தப் புடி விட்டது இன்னிக்கும் எனக்குக் கனவுல வரும். ஆனா அன்னிக்கு அவன் வீட்டை விட்டே வரலன்னுதான் நாங்க எல்லாரும் நெனச்சிருந்தோம். வேலியோரம் எங்கயோ இருட்டுல நின்னு முழு ஆட்டத்தையும் பாத்திருக்கான்.

"நீ எங்கடா நின்ன?"ன்னு கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு அண்ணே. நாத்து காயுது"ன்னு எந்திரிச்சுட்டான்.

வர்ற பொங்கலுக்கு எங்க ஊர்ல திரும்பப் போட்டி வைக்கலாம்னு பசங்க பேசிக்கிட்டு இருக்காங்க. தம்பி மகன்தான் முன்னால நிக்கிறான். ரெய்டு போற பசங்களுக்குச் சொல்லிக்குடுக்க கொக்கைக் கூப்புடச் சொல்லியிருக்கேன். ஆள் விட்டு அனுப்பாதே, நீயே அவன் வீட்டுக்குப் போய்க் கேளுன்னு சொல்லியிருக்கேன். போனான். "மாமா யோசிச்சுச் சொல்றேன்னாரு பெரியப்பா"ன்னு வந்து சொன்னான். இன்னும் பதில் வரல.

மழை கொஞ்சம் விட்டிருக்கு. மடையைத் தொறந்து தண்ணி வடிக்கணும். அடுத்த பதிவுல பாப்போம்.