அன்லிமிடெட் மீல்ஸும் அன்லிமிடெட் இன்டர்நெட்டும்

ஹோட்டல் போர்டில் "அளவுச் சாப்பாடு", "முழுச் சாப்பாடு" என்று இரண்டு வரி இருக்கும். முழுச் சாப்பாடு வாங்கினால் சோறு, சாம்பார், ரசம், மோர் எத்தனை தடவை கேட்டாலும் வரும். இரண்டாவது அப்பளம் கேட்டால் மட்டும் சர்வரின் முகம் லேசாக மாறும். கல்லாவுக்கு மேலே இன்னொரு சின்ன போர்டு தொங்கும்: பார்சலுக்கு அளவு உண்டு, ஒரு இலையில் இருவர் சாப்பிடக்கூடாது.

இதை யாரும் ஏமாற்று வேலை என்று சொல்வதில்லை. போர்டு கண்ணெதிரே இருக்கிறது. இலை போடும் முன்பே எல்லோருக்கும் விஷயம் தெரியும்.

பிராட்பேண்ட் கம்பெனிகளும் இதே முழுச் சாப்பாடு கடைதான் நடத்துகின்றன. "அன்லிமிடெட்" என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் ஒரு குட்டி நட்சத்திரம் போட்டிருப்பார்கள். அந்த நட்சத்திரத்தைத் தேடிக்கொண்டு கீழே போனால் எறும்பு சைஸ் எழுத்தில் "நியாயமான பயன்பாட்டுக் கொள்கை பொருந்தும்" என்று இருக்கும். சுருக்கமாக எஃப்யூபி. மாதத்துக்கு இத்தனை ஜிபி வரைதான் சொன்ன வேகம், அதற்கு மேல் போனால் நெட் நிற்காது, ஆனால் நடக்கும். சில சமயம் தவழும்.

இதில் "நியாயம்" என்ற வார்த்தை எப்படி உள்ளே வந்தது என்பதுதான் கேள்வி. யாருக்கு நியாயம்?

கம்பெனி தரப்பில் ஒரு பதில் இருக்கிறது, அதையும் கேட்டுவிட வேண்டும். வீட்டுக்கு வரும் ஃபைபர் அந்த வீட்டுக்கு மட்டும் சொந்தமானது அல்ல. பரவலாகப் போடப்படும் ஜிபான் முறையில், எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பும் ஒரு இழையைத் தெருவில் ஒரு ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். அந்த இழையில் கீழே இறங்கும் மொத்த வேகம் சுமார் 2.5 ஜிபிபிஎஸ். 32 வீட்டுக்கும் தலா 100 எம்பிபிஎஸ் விற்றிருந்தால் கணக்கு 3.2 ஜிபிபிஎஸ் ஆகிவிடும். எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுத்தால் இடிக்கும். ஆனால் எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் தொழிலே ஓடுகிறது. இதை மறைக்கவும் இல்லை. 2009-ல் டிராய் வெளியிட்ட வழிகாட்டுதலே வீட்டு இணைப்புகளுக்கு 1:50 வரை பகிரலாம் என்றது. அதாவது ஒருவருக்கான இடத்தை ஐம்பது பேருக்கு விற்கலாம்! டவுன் பஸ்ஸில் கூட இவ்வளவு கிடையாது.

ஆக, ஒருவர் விடாமல் இழுத்தால் பக்கத்து வீட்டுக்குக் குறையும், அதனால்தான் எல்லை என்கிறது கம்பெனி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

எஃப்யூபிக்கு முந்தைய காலம் இன்னும் மோசம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிஎஸ்என்எல் 2005-ல் டேட்டாஒன் தொடங்கியபோது பிராட்பேண்ட் என்றால் 256 கேபிபிஎஸ். சில திட்டங்களில் மாதத்துக்கு ஒரு சின்ன அளவு டேட்டா, அதைத் தாண்டினால் ஒவ்வொரு எம்பிக்கும் காசு. மோடத்தை அணைக்க மறந்தவர்கள், எம்பி என்றால் என்னவென்றே தெரியாதவர்கள், மாதக் கடைசியில் பில்லைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஹோம் 500 திட்டத்தில் ராத்திரி 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இழுத்தாலும் கணக்கில் வராது என்று ஒரு சலுகை உண்டு. அந்தத் தலைமுறை மாணவர்கள் பரீட்சைக்கு அலாரம் வைத்தார்களோ இல்லையோ, 1.55-க்கு டவுன்லோடுக்கு வைத்தார்கள். :-)

அந்த ராத்திரிச் சலுகையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பிற்பாடு தேவைப்படும்.

எஃப்யூபி வந்ததும் பில் பயம் போனது. எல்லை தாண்டியவர் காசுக்குப் பதிலாக வேகத்தைக் கொடுத்தார். இது முன்னேற்றம்தான். ஆனால் எல்லை எவ்வளவு, தாண்டினால் வேகம் எவ்வளவு என்பதை விளம்பரத்தில் சொல்ல வேண்டுமே? சொல்லாமல் விட்டார்கள். 2012 ஜூலையில் டிராய் உத்தரவு போட்டது: எஃப்யூபி உள்ள திட்டத்தில் அளவு எவ்வளவு, அதுவரை வேகம் எவ்வளவு, அதற்குப் பிறகு எவ்வளவு என்று மூன்றையும் வெப்சைட்டிலும் விளம்பரத்திலும் போட வேண்டும். 2016 அக்டோபரில் இன்னொரு உத்தரவு: 50, 90, 100 சதவீதம் தொடும்போதெல்லாம் எஸ்எம்எஸ்ஸோ மெயிலோ அனுப்ப வேண்டும், எல்லை தாண்டிய பிறகும் வேகம் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக்கூடாது.

512 கேபிபிஎஸ் என்றால் எப்படியிருக்கும்? 1 ஜிபி இறங்க நாலேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். எழுத்து மட்டும் உள்ள பக்கங்கள் வரும். வீடியோ வகுப்பில் வாத்தியார் பாதி வாக்கியத்தில் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார்.

சரி, இப்போது அந்த "நியாயம்" எவ்வளவு ஜிபி என்று பார்க்கலாம். இதற்கு ஜியோஃபைபரை விட நல்ல உதாரணம் கிடைக்காது. 2019 செப்டம்பரில் அது வந்தபோது 699 ரூபாய் திட்டத்தில் 100 எம்பிபிஎஸ், 100 ஜிபி. அறிமுகச் சலுகையாகக் கூட 50 ஜிபி. 100 எம்பிபிஎஸ்ஸில் முழு வேகமாக இழுத்தால் 100 ஜிபி இரண்டேகால் மணி நேரத்தில் காலி. மாதத்தில் மிச்சமிருக்கும் 29 நாளும் 21 மணி நேரமும் சொச்சமும் 1 எம்பிபிஎஸ். 1299 ரூபாய் கொடுத்தவருக்கு 500 ஜிபி.

2020 ஆகஸ்ட் கடைசியில் அதே கம்பெனி திட்டங்களை மாற்றியது. அதே 699 ரூபாய், அதே 100 எம்பிபிஎஸ், ஆனால் இப்போது "உண்மையிலேயே அன்லிமிடெட்". (அப்படியென்றால் முன்பு இருந்தது?) நட்சத்திரத்தைத் தேடிப் போனால் 3300 ஜிபி. சில நாட்களில் ஏர்டெல்லும் அன்லிமிடெட் என்று அறிவித்து அதே 3300-ஐ வைத்தது. அக்டோபரில் பிஎஸ்என்எல் கொண்டுவந்த ஃபைபர் திட்டங்கள் பலவற்றிலும் 3300, தாண்டினால் 2 எம்பிபிஎஸ்.

ஒரே வருஷத்தில் 100 ஜிபி நியாயம் 3300 ஜிபி நியாயம் ஆகிவிட்டது. 33 மடங்கு. நடுவில் இணைப்புகள் கூடின. ஊரே வீட்டுக்குள் உட்கார்ந்து நெட்டை முன்னெப்போதையும் விட அதிகமாக உபயோகித்தது. பக்கத்து வீட்டுக்காரருக்காகத்தான் எல்லை என்றால் அந்த வருஷம் எல்லை குறைந்திருக்க வேண்டும். கூடியது. நெட்வொர்க்கையும் பெரிதாக்கியிருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் 33 மடங்கு ஆக்கியிருப்பார்கள் என்று நம்ப நல்ல மனசு வேண்டும். போட்டி வந்தது, விலை இறங்கியது, அவ்வளவுதான். அந்த எல்லையின் உண்மையான பெயர் விலை. 1299 கொடுத்தவரும் 699 கொடுத்தவரும் ஒரே தெருவில், ஒரே ஸ்ப்ளிட்டரில் இருந்தாலும் முதலாமவர் ஐந்து மடங்கு இழுப்பது நியாயம் என்றால், அங்கே பேசுவது நியாயம் இல்லை, காசு. காசு கேட்பதில் தப்பே இல்லை. அதற்கு நியாயம் என்று பெயர் வைப்பதுதான் உறுத்துகிறது.

இதைவிட அடிப்படையான கோளாறு ஒன்று உண்டு. நெரிசல் மாதக் கணக்கில் வருவதில்லை. மணிக் கணக்கில் வருகிறது. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டு முடித்து எல்லோரும் ஆளுக்கொரு திரை முன் உட்காரும்போது வருகிறது. ராத்திரி 3 மணிக்கு ஒருவர் 200 ஜிபி இழுத்தாலும் யாருக்கும் ஒன்றும் குறையாது. அந்நேரத்தில் இழை காலியாகத்தான் கிடக்கிறது, அந்தக் காலியிடத்தை எடுத்து வைத்து மறுநாள் எட்டு மணிக்குப் பரிமாறவும் முடியாது. சோறு மிஞ்சினால் பழையதாவது ஆகும். 3 மணி இழையின் மிச்சத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் எஃப்யூபி மீட்டர் எட்டு மணி ஜிபியையும் மூன்று மணி ஜிபியையும் ஒரே ஜிபியாகத்தான் எண்ணுகிறது. மாதம் முழுக்க சாயங்காலம் மட்டும் டிவி பார்த்து நெரிசலைக் கூட்டுகிறவர் நல்லவர். பாதி ராத்திரியில் புராஜெக்டுக்காக டேட்டாசெட் இறக்குகிற மாணவர் கெட்டவர்.

2005-ன் அந்த 2 மணிச் சலுகை இந்த விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தது. 256 கேபிபிஎஸ் காலத்தில் இருந்த புத்தி 100 எம்பிபிஎஸ் காலத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை.

இந்த விஷயத்துக்கு வெளிநாட்டிலும் ஒரு பரீட்சை நடந்தது. அமெரிக்காவின் காம்காஸ்ட் 2008 அக்டோபரிலேயே மாதம் 250 ஜிபி என்று எல்லை போட்ட கம்பெனி. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக அப்போதிருந்த எல்லையைக் கொஞ்ச காலம் எடுத்து வைத்தது. அத்தனை பேரும் வீட்டிலிருந்தே வேலை, வீட்டிலிருந்தே பள்ளிக்கூடம். எல்லை இல்லாவிட்டால் இடிந்துவிடும் என்றால் அப்போது இடிந்திருக்க வேண்டும். இடியவில்லை. அதே மார்ச்சில் இந்தியாவில் நெரிசலுக்குப் பயந்தபோது செய்தது வேறு: யூடியூப், நெட்ஃபிளிக்ஸ், ஹாட்ஸ்டார் எல்லாம் கூடிப் பேசி மொபைலில் எச்டியை நிறுத்தி 480பி-யோடு நிறுத்திக்கொண்டன. எல்லோருக்கும் கொஞ்சம் குறைத்தார்கள், இடிக்கும் என்று நினைத்த காலத்துக்கு மட்டும். நியாயம் என்ற வார்த்தைக்கு இது கொஞ்சம் பக்கத்தில் வருகிறது.

"3300 ஜிபியை யார் தொடப்போகிறார்கள், இதற்கு ஏன் இவ்வளவு புலம்பல்" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி (இந்த வார்த்தையை விடவே முடியவில்லை). எச்டி வீடியோ மணிக்கு 2 ஜிபி சொச்சம் என்று வைத்தால் 3300 ஜிபிக்கு ஏறக்குறைய 1450 மணி நேரம் பார்க்க வேண்டும். மாதத்தில் இருப்பதே 720 மணி. இரண்டு டிவி ராப்பகலாக ஓடினாலும் தொடுவது கஷ்டம். நாலு பேர் உள்ள வீடு கவலைப்பட வேண்டியதில்லை. இருந்தாலும் ஒரு கூத்து: 30 எம்பிபிஎஸ் திட்டத்தில் முழு வேகத்தில் 3300 ஜிபி முடிக்கப் பத்து நாள் ஆகும். 300 எம்பிபிஎஸ் வாங்கியவர் ஒரே நாளில் முடித்துவிடலாம். எல்லை ஒன்றே என்றால், அதிகக் காசு கொடுத்தவர் எல்லையைச் சீக்கிரம் தொடும் உரிமையை வாங்கியிருக்கிறார்.

தொடுகிறவர்கள் யாரென்றால், ஹாஸ்டலிலும் பிஜியிலும் இருக்கிறவர்கள். ஓனர் வீட்டு உபயோகத்துக்கான ஒரு இணைப்பை வாங்கி, மாடிக்கு ஒரு ரவுட்டர் வைத்து, வாசலில் "அன்லிமிடெட் வைஃபை" என்று எழுதிவிடுவார். கம்பெனியைக் கேட்டால் இது வியாபார உபயோகம், ஒரு இலையில் இருவர் சாப்பிடுவதே தப்பு, இங்கே இருபது பேர் என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த நட்சத்திரத்தைப் பார்த்தவர் ஓனர் மட்டும். வாடகையோடு சேர்த்து வைஃபைக்கும் காசு கொடுக்கும் மாணவர்களின் கண்ணில் அது படுவதே இல்லை. 50 சதவீத எஸ்எம்எஸ், 90 சதவீத எஸ்எம்எஸ் எல்லாம் ஓனர் போனுக்குத்தான் போகும். அவர் அதைக் கடன் தருகிறோம் என்று வரும் எஸ்எம்எஸ்களோடு சேர்த்து அழித்துவிடுவார்.

3300-ஐ இருபதால் வகுத்தால் தலைக்கு 165 ஜிபி. நாளைக்கு ஐந்தரை ஜிபி. இரண்டு ரெக்கார்டட் லெக்சர், சாயங்காலம் ஒரு மேட்ச், லேப்டாப் தானாகவே இழுத்துக்கொள்ளும் ஒரு அப்டேட் என்று போனாலே முடிந்தது. எப்படியும் 25-ஆம் தேதிவாக்கில் எல்லை வந்துவிடும். அதற்குப் பிறகு 2 எம்பிபிஎஸ், அதுவும் இருபது பேருக்கு. எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் தலைக்கு 100 கேபிபிஎஸ். டயல்-அப் மோடம் 56 கேபிபிஎஸ். ரவுட்டரில் ஏதோ கோளாறு என்று நினைத்து யாராவது அதை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள், அடுத்த பில் தேதி வரும் வரை.