ஆவணமும் சம்மதமும்

ஏடுகளின் அருமையை வன்னி மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2009 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்தோர், ஒவ்வொரு தரிப்பிடத்திலும் எதைச் சுமப்பது, எதைக் கைவிடுவது என்று தீர்மானிக்க நேர்ந்தது. காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் சிலர் கைகளில் எஞ்சின. கடிதங்களும் புகைப்படங்களும் பெரும்பாலும் எஞ்சவில்லை. சான்றிதழுக்குப் பிரதி பெறலாம். ஒரு மனிதன் யாரை நேசித்தான், யாரோடு வாழ விரும்பினான் என்பதற்குப் பிரதி வழங்கும் கச்சேரி எங்கும் இல்லை.

இவ்விழப்பை அறிந்த நாம், உலகின் மறுகோடியில் ஒரு சிறு கூட்டத்தார் தம் ஏடுகளைக் காத்துக்கொண்ட வரலாற்றை அறிதல் தகும். அவர்கள் யாரெனக் கேட்டதும் வாசகருட் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். அந்தச் சுளிப்பே இங்கு ஆராயத்தக்க பொருள்.

இரண்டாம் உலகப் போரின் பின், அமெரிக்க நகரங்களில் ஒருபால் விருப்புடைய ஆண்கள் சிலர் மோட்டார் சைக்கிள் கழகங்களை அமைத்தனர். தோற்சட்டை அவர்களது அடையாளமாயிற்று. கட்டுதல், ஆளுதல், பணிதல் முதலியவற்றை இருவரும் உடன்பட்டு இன்பமாகக் கொள்ளும் வழக்கமும் அவர்களிடையே வளர்ந்தது. பின்னர் பெண்களும் பிறரும் தமக்கெனச் சங்கங்கள் கண்டனர். 1981 இல் எயிட்ஸ் நோய் முதன்முதலாக அறியப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் அவர்களுட் பலர் மாண்டனர். மாண்டவரின் பெட்டியைத் திறந்து வெட்கிய உறவினர் பலர், கடிதங்களையும் படங்களையும் குப்பையில் எறிந்தனர். இந்நிலையிலேதான் 1991 இல் சக் ரென்ஸ்லோ, டோனி டிபிளேஸ் என்னும் இருவர் சிக்காகோ நகரில் தோற் சமூகத்தாருக்கென ஓர் ஆவணக்காப்பகத்தையும் அரும்பொருட்சாலையையும் நிறுவினர். முன்னர் யூதத் தொழுகைக்கூடமாயிருந்த கட்டடமொன்றில், அச்சமூகத்தாரின் நன்கொடைகளால் அது நிலைபெற்றது. அங்கு வந்து ஆராயும் அறிஞருக்கு உதவிப் பணமும் வழங்கப்படுகிறது.

இத்தகைய பொருளை ஆராயப் பணமும் கொடுப்பதா என்று கேட்போருக்கு நம் மண்ணிலிருந்தே விடை கூறலாம். தோல் என்றதும் நம் சமூகம் நினைத்தது சாதியை. தோல் பதனிட்டவனும் பறைக்குத் தோல் கட்டியவனும் தீண்டத்தகாதவர் ஆக்கப்பட்டனர். சாவீட்டுக்குப் பறை வேண்டும்; பறையடித்தவனோ முற்றத்துக்கு வெளியே நிற்க வேண்டும். 1895 இல் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய கையேடு இன்றும் பயன்படும் நூலே. ஆயினும் அது ஆள்பவனின் கண் கண்ட வன்னி. பறையடித்தவன் வன்னியை எவ்வாறு கண்டான் என்பதை எழுதிவைக்க அன்று யார் பணம் கொடுத்தனர்? எது வரலாறு, எது வெட்கக்கேடு என்று பிரித்து வைத்தவர்கள் எப்போதும் பெட்டியின் சாவியை வைத்திருந்தவர்களே.

சட்டமும் இப்பிரிவினையைக் காத்து நின்றது. ஆங்கிலேயர் 1883 இல் நமக்களித்த தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் ஒருபால் உறவைக் குற்றமாக்கின. 1995 இல் செய்த திருத்தம், 365அ பிரிவைப் பெண்களுக்கும் விரித்தது. அப்பிரிவுகளைத் திருத்த முன்வைக்கப்பட்ட சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று உயர் நீதிமன்றம் கூற 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்திலோ, உடன்பட்டுச் செய்த செயலாயினும் காயமேற்பட்டிருப்பின் குற்றமே என்று 1993 இல் பிரபுக்கள் சபை மூவருக்கு இருவர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஒரு கூட்டத்தாரைப் பற்றிய ஏடுகள் பொலிசு நிலையத்திலும் நீதிமன்றத்திலும் வைத்தியசாலையிலும் மாத்திரமே இருக்குமாயின், பிற்காலம் அவர்களைக் குற்றவாளி, நோயாளி என்னும் இரு பெயர்களால் மட்டுமே அறியும். அவர்கள் சிரித்தது, பாடியது, நோயுற்ற தோழனுக்குக் கஞ்சி வார்த்தது எதுவும் தெரியவராது.

ஆதலாலேயே ஏடுகள் எரிக்கவும்படுகின்றன. பேர்லினில் மாக்னஸ் ஹிர்ஷ்பெல்ட் 1919 இல் நிறுவிய பாலியல் ஆய்வு நிலையத்தை 1933 மே மாதத்தில் நாசிகள் சூறையாடி, அதன் நூல்களை நடுத்தெருவில் எரித்தனர். யாழ்ப்பாண நூலகம் 1981 இல் எரிந்தது. எரிக்கப்பட்ட நூல்கள் வேறு. எரித்தவரின் எண்ணம் ஒன்றே.

இனி, பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. போர் முடிந்தபின் ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் வவுனியா மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைபட்டனர். பின்னர் வினாக்கொத்தும் ஒலிப்பதிவுக் கருவியும் கொண்டு பலர் வன்னிக்கு வந்தனர். மகனை இழந்த தாய் தன் கதையைப் பலமுறை சொன்னாள். அவளது படம் அறிக்கைகளில் ஏறியது. அறிக்கை அவள் கைக்கு வரவில்லை. நிதி பெற்ற ஆய்வு யாவும் தீதென்பது எம் கருத்தன்று. நிதி கொடுப்பவன் கேள்வியையும் கொடுத்துவிடுகிறான் என்பதே எம் கவலை. சிக்காகோக் காப்பகத்திலிருந்து நாம் கற்கத்தக்கது இதுவே: ஆவணத்துக்கு உரியவரே அதன் காவலராகவும் இருந்தனர். 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் நம்மவரது மின்னூலக முயற்சியும் தன்னார்வலரின் உழைப்பால் இவ்வழியிற் சென்றதே.

இன்னுமொன்றும் கற்கலாம். 1983 இல் நியூயோர்க்கில் எழுந்த முழக்கமொன்று, தம் வழக்கத்தை வன்முறையிலிருந்து பிரிப்பவை பாதுகாப்பும் தெளிந்த அறிவும் சம்மதமுமே என்றது. ஆய்வாளனுக்கும் இம்மூன்றும் பொருந்தும். வன்னிக் கிராமத்தில் ஒருபால் விருப்புடைய ஒருவரின் பெயரை வெளியிட்டால், அவர் வீட்டையும் வேலையையும் ஒருங்கே இழக்கலாம். எனவே இங்கு ஆவணம் முதலிற் பூட்டாகவும், உரியவர் விரும்பும் நாளிற் கதவாகவும் இருத்தல் வேண்டும். பெயரில்லாமற் சொல்ல உரிமை, சொன்னதை மீளப் பெற உரிமை, தாம் வாழும்வரை முத்திரையிட்டு வைக்க உரிமை, சொல்லாதிருக்கவும் உரிமை.

ஆசிரியரும் மாணவரும் இதற்கு வெளிநாட்டு நிதியை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. வகுப்பில் ஒருவனைக் கேலிப் பெயரால் அழைக்கும்போது நகைக்காதிருத்தல் முதற்படி. அவன் எழுதிய நாட்குறிப்பைக் காப்பாற்றி வைக்கத்தக்க நம்பிக்கையைப் பெறுதல் அடுத்த படி. போர் பறித்த ஏடுகளை நாம் மீட்க இயலாது. வெட்கத்தின் பெயரால் இன்று எறியப்படவிருக்கும் ஏடுகளையேனும் எறியவிடாதிருத்தல் நமக்கு இயலும்.