சோழவரம்

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில்தான் அப்போது மோட்டார் பந்தயம் நடக்கும். வேலையில் சேர்ந்த புதிதில், உடம்பு சரியில்லை என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பழைய ஜாவாவைப் புதுச்சேரியிலிருந்து ஓட்டிக்கொண்டே போய்ப் பெயர் கொடுத்தேன். காற்றெல்லாம் விளக்கெண்ணெய் வாசனை. சில பந்தய வண்டிகளுக்கு அதுதான் ஆயில். சுற்றுகளைப் பிரெஞ்சில் எண்ணினேன். படிப்பு அப்படி, இன்றும் கணக்கு அதில்தான் வரும். 'அன், தே, த்ருவா...' நாலாவதில் வளைவில் சறுக்கி வைக்கோல் கட்டில் விழுந்தேன். காறை எலும்பு முறிந்தது. லீவு லெட்டர் உண்மையாகிவிட்டது!

அப்பா திட்டவில்லை. கட்டுப் பிரிப்பதற்குள் வண்டியை விற்று, பணத்தை என் தலையணைக்கடியில் வைத்துவிட்டார். அதைப் பற்றி நாங்கள் கடைசிவரை பேசவே இல்லை.

1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புதுத் தளம் வந்தது, சோழவரம் ஓய்ந்தது. மருமகள் பேரனுக்கு விளக்கெண்ணெய் எடுத்தால், எனக்குத் தோள் லேசாக வலிக்கிறது.