மாடியில் தூங்கும் கம்ப்யூட்டர்

அப்பாவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆனதும், ‘இப்போதைக்குப் படி ஏறவே கூடாது’ என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் கும்பகோணம் வீட்டில், பாத்திரக்கடைக் கணக்கு மொத்தமும் இருக்கும் கம்ப்யூட்டர் மாடியில். கணக்கைப் பார்க்கும் நான் சென்னையில். மாதாமாதம் 11-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும்.

இங்கிருந்தே அந்தக் கம்ப்யூட்டரை இயக்க முடியும்; ஆனால், அது விழித்திருக்க வேண்டுமே! அரை மணி நேரம் சும்மா இருந்தால் தூங்கிவிடும். தூங்கவிடாமல் செய்யலாம்தான். “ஆளில்லாத ரூம்ல எதுக்கும்மா மெஷின் ஓடணும்? கரன்ட் பில்லை நீ கட்டுறியா?” என்பார் அப்பா. கீழே இறக்கவும் வழியில்லை. ஹாலில் பாதியைச் சரக்கு மூட்டைகள் பிடித்திருக்கின்றன.

ஒரு 10-ம் தேதி இரவு, அம்மா தடுக்கத் தடுக்க 18 படிகள் ஏறிப்போய் பட்டனை அழுத்திவிட்டார் அப்பா. இறங்க முடியவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பிகள் இருவர் வந்து தாங்கி இறக்கினார்கள். மறு வாரமே ஊருக்குப் போனேன்.

தூங்கும் கம்ப்யூட்டரைத் தொடாமலே எழுப்ப ‘வேக் ஆன் லேன்’ என்றொரு வசதி இருக்கிறது. 1990-களின் நடுவிலிருந்தே இருக்கும் பழைய சங்கதிதான். கம்ப்யூட்டர் தூங்கினாலும் அதன் நெட்வொர்க் கார்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். ஒரு காது மட்டும் விழித்திருப்பதுபோல. அதற்கு ‘மேஜிக் பாக்கெட்’ என்ற 102 பைட் தகவலை அனுப்ப வேண்டும். அதற்குள் என்ன இருக்கிறது தெரியுமா? முதலில் ஒரு தட்டல், பிறகு அந்தக் கார்டின் முகவரி 16 முறை. அவ்வளவுதான்! பள்ளி நாள்களில் அம்மா என்னை எழுப்பியதும் ஏறக்குறைய இதே கணக்கு.

முதலில் வைஃபையில் முயன்றேன். அசையவில்லை. வைஃபையில் இது நடக்க, தூக்கத்திலும் கார்டு ரவுட்டரோடு தொடர்பை விடாமல் பிடித்திருக்க வேண்டும். சில லேப்டாப்கள் அதைச் செய்யும். எங்களுடையது யு.எஸ்.பி.யில் செருகும் சின்ன வைஃபை. கம்ப்யூட்டர் தூங்கியதும் அதுவும் அணைந்துவிடுகிறது.

கடைசியில், கீழே இருக்கும் ரவுட்டரிலிருந்து மாடிப்படி ஓரமாக 15 மீட்டர் லேன் கேபிள் இழுத்தோம். அழைப்பவர் வைஃபையில் இருக்கலாம், தூங்குபவருக்குத்தான் கம்பி வேண்டும். பயாஸிலும் விண்டோஸிலும் அனுமதி கொடுத்து, அப்பாவின் போனில் இதற்கான ஆப் ஒன்றைப் போட்டேன். சென்னையிலிருந்து நானே எழுப்பவும் வழிகள் உண்டு. ஆனால், அதற்காக வீட்டு நெட்வொர்க்கின் வாசலை வெளியுலகத்துக்குத் திறந்து வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. உள்ளே ஆள் இருக்கும்போது எதற்கு?

இப்போது நான் போன் செய்தால், ஈஸிசேரில் சாய்ந்தபடி அப்பா ஒரு தட்டுத் தட்டுகிறார். மாடி ஜன்னலில் மானிட்டர் வெளிச்சம் தெரிகிறதா என்று வாசலுக்குப் போய்ப் பார்ப்பது அம்மா. “எழுந்துடுச்சுடி!”

போன மாதம் அப்பா கண்ணயர்ந்த நேரத்தில் அவர் போனை எடுத்து அம்மாவே எழுப்பிவிட்டார். “என் மெஷினை இவ எதுக்கு எழுப்புறா?” என்று அப்பாவுக்கு இன்னமும் கோபம்.